விசில் இல்லாதது

கீழக்கரையில் வீடு பெண்ணுக்கு.
மாப்பிள்ளை பெட்டியோடு வந்து இறங்குகிறவன்.
இருபத்தொரு வருடம்
இரண்டு மாதம், நாற்பது நாள் என்று
ஜெய்னம்பு வீட்டுக்கு வந்து போனேன்.
இந்தத் தடவை திரும்புகிற டிக்கெட் இல்லை.

பெட்டியில் கைலிகள் போக எனக்கென்று இருந்தது
ஷார்ஜா அறையில் வெள்ளிக்கிழமைதோறும் உழைத்த
கரண்ட் குக்கர்.
அதன் வயிற்றுக்குள், இடம் வீணாகாமல்,
இரண்டு கிலோ வெள்ளை பீன்ஸ்.

"மொச்சையா?"
இல்லை.
"காராமணியா?"
அதுவுமில்லை. மிஸ்ரிகள் ஃபசூலியா என்பார்கள்.
நாலைந்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.
"சோழி மாதிரி இருக்கு. பல்லாங்குழிக்கு ஆகும்."

சதுரக் கால் பிளக் இந்தச் சுவரில் நுழையவில்லை.
அடாப்டர் வாங்கி வந்தேன்.
ராத்திரி முழுக்க ஊறியும் தோல் சுருங்கியதே தவிர
உள்ளே உப்பவில்லை.
முப்பத்தைந்து நிமிடம் வைத்தேன்.
மேலும் இருபது.
கடித்துப் பார்த்ததில் நோவு பல்லுக்குத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மைமூன்,
"எத்தனை விசில் வச்சீங்க மச்சான்?"
இது விசிலடிக்காது.
"அடிக்காட்டி எப்படித் தெரியும்?"
என்னிடம் பதில் இருந்தது.
கேட்க அவள் நிற்கவில்லை.

ஜெய்னம்பு குக்கரைப் பார்க்கவேயில்லை.
"எந்தத் தண்ணி ஊத்துனீங்க?"
அடிபம்புத் தண்ணி.
"அதுல பாதி கடல். பருப்பே வேகாது,
இதா வேகும்?"

குளிக்க ஒன்று, கழுவ ஒன்று, உலைக்கு ஒன்று.
மூன்று தண்ணீர் இருக்கிற வீட்டுக்கு
மாதாமாதம் பணம் அனுப்பியிருக்கிறேன்.
காவிரி இங்கே ஐந்து நாளுக்கொரு தடவை
ராத்திரி இரண்டு மணிக்கு
விரல் தடிமனில் வருகிறது.
லீவில் வந்த நாட்களில் நான் தூங்கினேன்.
குடம் மாற்றும் சத்தம் கேட்டிருக்கிறது,
கனவில் எங்கோ.

இரண்டு செம்பு காவிரி கொடுத்தாள்,
அளந்து.

மறுநாள் மூடியைத் திருகினேன்.
பின் மேலேறியது.
இருபத்தெட்டிலிருந்து எண் இறங்கத் தொடங்கி
பதினொன்றில் கரண்ட் போனது.

திறக்கப் போனவளைத் தடுத்தேன்.
உள்ளே இன்னும் கொதிக்கிறது.
"இருட்டா கிடக்கு, செத்த மெஷினு."
செத்தது எண் மட்டும்தான் என்றேன்.

அடுப்படியின் இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அவள்.
விசில் குக்கராவது எண்ணுவதற்கு ஏதாவது தரும்.
இது அதையும் தரவில்லை.
பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு
திடீரென்று கேட்டாள்:
"வெள்ளிக்கிழமை இது. மத்த நாளு?"

சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கிறாள்,
சாப்பிட்டேன் என்றிருக்கிறேன்.
என்ன சாப்பிட்டேன் என்பதற்குள்
கார்டில் காசு தீர்ந்துவிடும்.

குப்பூஸ் என்றேன். தயிர்.
டின் மீன்.
"டின்னுலயா? மீனா?"
கடற்கரைக்காரி சிரித்த சிரிப்பில்
மைமூன் சுவர்மேல் எட்டிப் பார்த்தாள்.

டக்.

"என்ன அது?"
பின் விழுந்தது. இப்போது திறக்கலாம்.

ஒன்றுகூட உடையவில்லை.
நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் வைத்தால் போதும்,
வெண்ணெய்.
ஒன்றை எடுத்து வாயில் போட்டவள்
நியாயமாகத்தான் சொன்னாள்:
"வெந்துருக்கு. ருசிதான் இல்ல."

சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்
தேங்காய்ப்பால் ஊற்றி, மாசி இடித்துப் போட்டு
ஆணமாக்கிவிட்டாள்.
என் பீன்ஸ் இல்லை அது.
இரண்டு தடவை சோறு வாங்கினேன்.

மிச்சத்தைத் தன் டப்பாவில் கொட்டி
புளிக்கும் வத்தலுக்கும் நடுவில் வைத்திருக்கிறாள்.
குக்கருக்கு மேல் ஒரு துணி.

இன்று ஐந்தாம் நாள்.
இரண்டு மணிக்கு எழுப்பு என்று சொன்னேன்.
சரி என்றாள்.
எழுப்பமாட்டாள், தெரியும்.
அலாரம் வைத்திருக்கிறேன்,
தலையணைக்கு அடியில்,
அவளுக்குக் கேட்காதபடி.